தினமும் மின்னல் வெட்டும் கேஎல் எரியவில்லை, பனிமூட்டம் சூழ்ந்த சாண்டா குரூஸ் எரிந்தது: ஏன்?

கேஎல் (கோலாலம்பூர்) செந்தூலில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "மகளும் மருமகனும் கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் மலைப் பக்கம் வீடு வாங்கப் பார்க்கிறார்கள். கடலோர ஊர், ஆகஸ்ட் மாதம் கூட ஸ்வெட்டர் போட வேண்டுமாம். ஆனால் 2020இல் ஒரே ராத்திரி இடி மின்னலில் அந்த மலையே எரிந்தது என்கிறார்கள். இங்கே கேஎல்லில் சாயங்காலம் ஆனால் மின்னல்தான், ஒரு காடும் எரிந்து நான் பார்த்ததில்லை. அங்கே மட்டும் ஏன் அப்படி? நாளைக்குப் பினாங்கு மலைக்கும் அது வருமா? இவர்களை அங்கே வாங்க விடலாமா?"

அக்கா, நான் வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இடியையும் மழையையும் குறித்து வைப்பதுதான் பல காலம் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் சுருக்கமான பதில்: மின்னல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதோடு மழை தரைக்கு வந்து சேர்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் மின்னல் தண்ணீரோடு வருகிறது. அன்றைக்கு அவர்களுக்கு வந்தது தண்ணீரை மேலேயே விட்டுவிட்டு வந்தது.

அங்கத்திய கடலில் இருந்து தொடங்குகிறேன். மலாக்கா நீரிணையில் காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், 29, 30 டிகிரி. சாண்டா குரூஸ் கடல் நல்ல கோடையிலும் 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. காற்று மேல்தண்ணீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது. அந்தக் கடலைத் தடவி வரும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பனிமூட்டமாகி, கரையோரமாகச் சில நூறு மீட்டர் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதற்கு மேலே பசிபிக் கடலின் உயர் அழுத்தம் அழுத்தி இறக்கும் சூடான, உலர்ந்த காற்று. இடிமேகம் கட்ட வேண்டுமென்றால் கீழ்க்காற்று மேலே ஏற வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்றுக்கு அடியில் அது எங்கே ஏறும்? அதனால்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டு முழுக்க இடி கேட்பதே ஒரு சில நாள். கேஎல்லில் ஆண்டில் பாதி நாளாவது கேட்கிறது.

மழைக் கணக்கும் வேறு. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் கூடக் கிடைப்பதில்லை. நமக்கு 2,400ஐத் தாண்டும். ஆனால் அளவைவிட முக்கியம் அது வரும் காலம். அங்கே மழை அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரலோடு முடிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பேருக்குத் தூறினால் உண்டு. வருடத்தின் மிகச் சூடான காலமும் மழையே இல்லாத காலமும் அங்கே ஒன்றாக வருகின்றன. நமக்கு அப்படி இல்லை. வெயில் ஏற ஏற நமக்கு மேகமும் ஏறும், மாலையில் கொட்டித் தீர்த்துவிடும்.

ஆக, உங்கள் மகள் கடற்கரையில் ஸ்வெட்டரோடு நிற்கும் அதே மதிய நேரத்தில், கொஞ்ச தூரம் கார் ஏறிப் பனிமூட்டத்துக்கு மேலே போனால் மலைப்புல் பொன்னிறமாகக் காய்ந்து நிற்கும். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் 35 டிகிரி வெயில் அடிக்கும். குளுகுளுப்பு என்பது கடலோரத்து ஒல்லியான பட்டைக்கு மட்டும்தான்.

சரி, 2020க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு துளி மழை பதிவாகவில்லை. அங்கே பிப்ரவரி மாதம் அப்படிச் சுத்தமாகக் காய்ந்தது 1864க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மழைக்காலத்தின் நட்டநடு மாதம் அது. நமக்கு நவம்பரில் மழையே பெய்யாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் ஆகஸ்ட் நடுவில் கடும் வெயில். 14, 15 தேதிகளில் ஏசி ஓடும் ஓட்டத்துக்கு மின்சாரம் போதாமல் மாநிலத்தில் முறைவைத்து வெட்டினார்கள், 2001க்குப் பிறகு முதல் முறையாக. 16ஆம் தேதி டெத் வேலியில் 54.4 டிகிரி பதிவானது. கடலோரப் பனிமூட்டம் அந்தச் சூட்டில் நசுங்கி மெலிந்து போனது.

அதே சமயம் தெற்கே, மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா தீபகற்பத்துக்கு மேற்கே, கடலில் ஃபௌஸ்டோ என்று ஒரு வெப்பமண்டலப் புயல். நோஞ்சான் புயல், வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. கலிபோர்னியாவை அது தொடவே இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த ஈரம் வானத்தின் நடு உயரத்தில் வடக்கே இழுபட்டு, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு மேலே வந்து நின்றது. தரையோரம் உலர்ந்த சூடு, பல கிலோமீட்டர் மேலே ஈரம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே இடிமேகங்கள் கட்டிவிட்டன. கோடையில் இடியே கேட்காத ஊர் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினார்கள்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கேஎல்லில் இடிமேகத்தின் அடிப்பாகம் தாழ்வாகத் தொங்கும், தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான். அதற்குக் கீழே இருக்கும் காற்றும் ஈரமானது. விழும் மழை அப்படியே தரைக்கு வந்துவிடும். அன்றைய கலிபோர்னிய மேகத்தின் அடி மூன்று, நான்கு கிலோமீட்டர் மேலே. அதற்கும் தரைக்கும் நடுவே காய்ந்த சூடான காற்று. மழை மேகத்திலிருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும், சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தொங்கும், பாதி வழியிலேயே மறைந்துவிடும். அந்தத் தண்ணீர் நடுவானத்தில் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி வேகமாகக் கீழே விழுந்து தரையில் மோதி நாலாபக்கமும் சீறிக்கொண்டு பரவும். ஆக, மழை வரவில்லை, மழைக்குப் பதில் காற்று வந்தது. மின்னலுக்கு அந்த உலர்ந்த காற்று ஒரு தடையே இல்லை, அது நேராக இறங்கியது. அமெரிக்க வானிலைச் சேவை இதை உலர் மின்னல் என்று சொல்கிறது. தரையில் இரண்டரை மில்லிமீட்டர் மழை கூட விழவில்லை என்றால் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

மின்னல் எல்லாமே பற்றவைப்பதும் இல்லை. பெரும்பாலான மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கிலேயே முடிந்துவிடும். மரத்தைப் பிளக்கும், பட்டையை உரிக்கும், அவ்வளவுதான். சிலவற்றில் மட்டும் மின்னோட்டம் விடாமல் கொஞ்சம் நீடித்து ஓடும். அந்த வகைதான் காய்ந்த கட்டையைப் பற்றவைக்கிறது. பற்றியதும் உடனே கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்றும் இல்லை. பட்டுப்போன மரத்தின் உள்ளுக்குள், வேரடியில் குவிந்த சருகில், புகை கூடத் தெரியாமல் நாள்கணக்கில் கனிந்துகொண்டு கிடக்கும். காற்று வந்த அன்றைக்குத்தான் முகத்தைக் காட்டும். அதனால் இடி ஓய்ந்துவிட்டது என்று யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

அந்தச் சில நாள்களில் வட கலிபோர்னியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னல் இறங்கியது. 600க்கும் மேற்பட்ட இடங்களில் தீ. நூறு இடத்தில் ஒரே நேரத்தில் பற்றினால் எந்த ஊர்த் தீயணைப்புப் படையும் தாங்காது. அங்கே சிறைக் கைதிகளைப் பயிற்சி கொடுத்துக் காட்டுத்தீக்கு அனுப்புவது பழைய வழக்கம். கொரோனா காலம் என்பதால் அந்தக் குழுக்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. உங்கள் மகள் வாங்கப் பார்க்கும் மலையில் முதல் இரண்டு நாள் சிறு சிறு தீயாகத்தான் இருந்தது. 18ஆம் தேதி இரவு காற்று திரும்பியது. தனித்தனியாக எரிந்தவை ஒன்று சேர்ந்துகொண்டு போல்டர் கிரீக், போனி டூன் பக்கம் பாய்ந்தன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். சாண்டா குரூஸ் மாவட்டத்தில் மட்டும் 900க்கு மேல் வீடுகள் போயின. ஓர் உயிரும் போனது. எரிந்த பரப்பு ஏறக்குறைய 350 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுக்கவே அதைவிடச் சின்னது.

அதுவும் அந்த ஆண்டின் பெரிய தீ அல்ல. இன்னும் வடக்கே, மெண்டோசினோ காட்டில் அதே மின்னல் போட்ட பல தீ ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ 4,180 சதுர கிலோமீட்டரைத் தின்றது. தீவும் செபராங் பிறையும் சேர்ந்த நம் பினாங்கு மாநிலத்தைப் போல நான்கு மடங்கு. கலிபோர்னியாவில் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டிய முதல் தீ அது. அந்த ஒரு வருடத்தில் மாநிலம் முழுக்க எரிந்ததைக் கூட்டினால் சிலாங்கூரைப் போல இரண்டு மடங்கு வரும். செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நண்பகலிலும் வானம் ஆரஞ்சு நிறமாக இருண்டு தெருவிளக்கு எரிந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புகை பனிமூட்டத்துக்கு மேலே திரையாக நின்று சூரிய வெளிச்சத்தின் நீல நிறத்தை மறித்துவிட்டது.

இதில் எது தற்செயல், எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இப்படி மின்னல் மழை போட்டது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது. 2008 ஜூனில் வட கலிபோர்னியாவில் ஒரு வறண்ட இடிமழை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீயை மூட்டியது. ஃபௌஸ்டோவின் ஈரம் அந்த வாரம் அந்தப் பக்கம் வந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். காடு அவ்வளவு காய்ந்து, அவ்வளவு விறகைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தது தற்செயல் இல்லை. காற்று சூடாகச் சூடாக மண்ணிலும் இலையிலும் இருக்கும் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். மழை அதே அளவு பெய்தாலும் ஆகஸ்ட் வருவதற்குள் காடு முன்பைவிடக் காய்ந்துவிடும். அந்தப் பகுதியில் 1990களில் இருந்து ஒரு நோய் கருவாலி இன மரங்களை லட்சக்கணக்கில் சாகடித்திருக்கிறது. நின்றபடியே பட்டுப்போன மரங்கள் அவை.

இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது அந்த மண்ணின் மக்களுக்குச் செய்யும் அநியாயம். அந்த மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடி மக்கள் காலம் பார்த்துச் சிறு தீ வைத்து அடிப்புதரை எரித்துக்கொண்டே இருந்தார்கள். விதை முளைக்கவும், மான் மேயவும், கூடை பின்ன நல்ல குச்சி கிடைக்கவும் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1850இல் கலிபோர்னியா மாநிலமாகும் தறுவாயில் போட்ட சட்டத்தில் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல், பற்றிய தீ எதுவானாலும் அணை என்பதே கொள்கை. சிறு தீ நின்றது, விறகு சேர்ந்தது. இப்போது அந்தப் பழங்குடிகளின் வாரிசுகளையே கூப்பிட்டு, குளிர்காலத்தில் அளவோடு எரிக்கும் வேலையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். என் பார்வையில் அங்கே நடக்கும் காரியங்களில் மிக நல்லது இதுதான். இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

மலேசியக் காடு மின்னலால் எரியாது என்று நீங்கள் கவனித்தது சரிதான். மாலை நான்கு மணிக்கு மேகம் கறுத்து, ஐந்து மணிக்கு இடித்துக் கொட்டும்போது, மின்னல் ஒரு மரத்தைப் பற்றவைத்தாலும் அடுத்த நிமிடமே மழை அணைத்துவிடும். காட்டுத் தரையில் கிடக்கும் சருகை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நம் மின்னல் ஆளைக் கொல்லும். திடலில் பந்து விளையாடுபவர்களும், வயல்காட்டில் நிற்பவர்களும், மரத்தடியில் ஒதுங்குபவர்களும் வருடா வருடம் பலியாகிறார்கள். காட்டுக்கு அதனால் ஆபத்து இல்லை.

ஆனால் நம் நாட்டில் காடு எரிவதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள் அக்கா. எரிகிறது, மண்ணுக்குள் எரிகிறது. கேஎல்லில் இருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், கோலாலங்காட் பக்கம், கிள்ளானுக்குத் தெற்கே ஜொஹான் செத்தியா பக்கம். அங்கே காம்புட் நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் மக்கியும் மக்காமலும் மீட்டர் கணக்கில் குவிந்த கறுப்பு மண். சொல்லப்போனால் அது மண்ணே இல்லை, ஊறிக்கிடக்கும் விறகு. தண்ணீர் நிற்கும்வரை அதற்கு எதுவும் ஆகாது. செம்பனை போடவும் காய்கறி போடவும் பாரிட், அதாவது வடிகால், வெட்டித் தண்ணீரை வடித்தால் மேல்மண் காய்ந்துவிடும். அப்புறம் மின்னல் வேண்டாம். யாரோ குப்பைக்கு வைத்த தீ, வீசிப்போட்ட சிகரெட் போதும்.

அந்தத் தீயைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். பல இடத்தில் கொழுந்தே இருக்காது. தரையில் ஆங்காங்கே வெடிப்பிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் மெதுவாக வந்துகொண்டிருக்கும். மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும். அடியில் மண் வெந்து குழியாகியிருக்கும், தெரியாமல் காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போய்விடும். வேர் எரிந்துபோன மரம் காற்றே இல்லாமல் சாயும். போம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், மேலே தண்ணீர் பீய்ச்சினால் போதாது. குழாயை மண்ணுக்குள் செருகி, சேறு பொங்கி வரும்வரை நிறைக்க வேண்டும். அணைந்தது என்று திரும்பிப் போன இடத்துக்குப் பக்கத்தில், ஐம்பது அடி தள்ளி, அடுத்த வாரம் புகை வரும். அவர்கள் படும் பாட்டுக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதவே போதாது.

சாண்டா குரூஸிலும் கோலாலங்காட்டிலும் நடந்தது ஒரே கதை என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே மழை வானத்திலேயே நின்றுவிட்டது. இங்கே நிலத்தில் இருந்த தண்ணீரை நாமே வடித்துக் கடலுக்கு அனுப்பினோம். தண்ணீர் இருக்க வேண்டிய நேரத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால், பொறி எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. வட சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் 2008 வாக்கில் இருந்து பாரிட்டுகளை மரத்தாலும் மண்மூட்டையாலும் அடைத்துத் தண்ணீரைத் திரும்ப நிற்க வைத்து வருகிறார்கள். வனத்துறையும் தொண்டு அமைப்பும் பக்கத்து ஊர் மக்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. மழையை வரவழைக்க மேக விதைப்புக்கு விமானம் அனுப்புவதைவிட இந்த மடை அடைக்கும் வேலைதான் தீயை நிறுத்தும் என்பது என் உறுதியான எண்ணம். மேகமே இல்லாத வறட்சியில் விதைத்து ஒன்றும் ஆகாது.

நமக்குப் பெரிய புகை வந்த ஆண்டுகளில் 1997ஐயும் 2015ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் எல் நினோ ஆண்டுகள். பசிபிக் கடலின் சூடு கிழக்கே நகர்ந்துவிடும், நம் பக்கத்து மழை குறைந்துவிடும். சுமத்ராவிலும் காலிமந்தானிலும் வடித்த காம்புட் நிலம் எரியும், தென்மேற்குக் காற்று புகையை நம் வீட்டுக்குள் கொண்டுவரும். 1997இல் கூச்சிங்கில் காற்று மாசுக் குறியீடு 800ஐத் தாண்டியது. எல் நினோ வந்தால்தான் என்றும் இல்லை. 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். செந்தூலில் அப்போது நீங்கள் இருந்திருந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு இருமியது மறந்திருக்காது.

பினாங்கு மலைக்கு வருமா என்று கேட்டீர்கள். கொடிமலையின், அதாவது பினாங்கு மலையின், உச்சிக்காடு மின்னலால் சாண்டா குரூஸ் போல எரியும் என்று நான் நினைக்கவில்லை. நம் கடல் சூடாக இருக்கும்வரை காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, மேகத்தின் அடி தாழ்வாகத்தான் இருக்கும். ஆனால் வடக்கே எங்களுக்கு டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை ஒரு வறட்சி உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த நாள்களில் சாலையோரம் லாலாங் புல் வைக்கோல் நிறத்தில் நிற்கும். மலையடிவாரப் புதர்களிலும் கைவிட்ட நிலங்களிலும் அப்போது தீ வரும், எல்லாமே மனிதன் வைப்பது. 2022 ஜனவரியில் நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங் குப்பைமேடு பற்றி வாரக்கணக்கில் புகைந்தது இந்த வறட்சிக் காலத்தில்தான். அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. வறட்சி நீண்டு, எல் நினோவும் சேர்ந்த ஒரு ஆண்டில் அடிவாரத் தீ காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே மேலேறலாம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

புயலைப் பற்றி நான் கூடுதலாகவே கவலைப்படுகிறேன். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்றுதான் எங்கள் பாடமே இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வடக்கில் உருவான வாமெய் புயல் 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரில் கரையேறியது. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் அடித்த காற்றையும் மழையையும் அனுபவித்தவர்கள் யாரும் மறக்கவில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன, வெள்ளத்தில் உயிர்கள் போயின, ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். சூடான கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்கு அது நல்ல செய்தி இல்லை. சாண்டா குரூஸ் காயும் அதே காரணத்தால் நாம் நனைவோம், சில சமயம் தாங்க முடியாத அளவுக்கு.

கடைசியாக வீடு. வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் காடு அப்படிப்பட்ட காடு. பிக் பேசின் பூங்கா 1902இல் அமைந்தது, கலிபோர்னியாவின் முதல் மாநிலப் பூங்கா. 2020இல் ஏறக்குறைய முழுவதும் எரிந்து, பழைய கட்டடங்கள் எல்லாம் சாம்பலாயின. ஆனால் அங்குள்ள செம்மரங்களுக்கு, ரெட்வுட் என்பார்கள், ஓர் அடி தடிமன் வரை பட்டை உண்டு. கறுத்துக் கரியாகி நின்ற மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை. சில மாதத்திலேயே அடி முதல் நுனி வரை தண்டிலிருந்தே பச்சைப் பாசி படர்ந்தாற்போலத் துளிர்கள் கிளம்பின. 2022 ஜூலையில் பூங்காவை ஓரளவு திறந்தார்கள். மரங்கள் பிழைத்துக்கொண்டன, அக்கா. மரவீடுகள் பிழைக்கவில்லை.

அதனால் மகளிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். அந்த மனை அரசின் தீ அபாய வரைபடத்தில் எந்த வகையில் இருக்கிறது? விற்பவர் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். வீட்டுக் காப்புறுதி எவ்வளவு வரும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மலைப்பகுதிகளில் தனியார் நிறுவனங்கள் பல புதுப் பத்திரம் கொடுக்க மறுக்கின்றன. கடைசிப் புகலாக ஃபேர் பிளான் என்று ஒன்று உண்டு, அதில் காசு அதிகம், காப்பு குறைவு. மலையிலிருந்து இறங்க எத்தனை வழி? ஒரே ஒரு குறுகலான சாலை என்றால் நான் அந்த வீட்டைத் தொட மாட்டேன். பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் பறந்து வரும் கங்கு கூரை இடுக்கிலும் காற்றுத் துளையிலும் நுழைந்து உள்ளிருந்து எரிகின்றன. துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் கம்பி வலை, கூரை வாய்க்காலில் சருகு இல்லாமை, சுவரை ஒட்டி ஐந்து அடிக்குச் செடியோ விறகோ இல்லாமை, சுற்றிலும் நூறு அடிக்குப் புதரைக் குறைத்து வைப்பது. பெரும் செலவில்லாத இந்த வேலைகளே பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கின்றன. வெளியேறும் எச்சரிக்கை வந்தவுடனே கிளம்பிவிட வேண்டும், உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீங்கள் பார்க்கப் போவதாக இருந்தால் ஏப்ரல், மே மாதம் போங்கள். செப்டம்பரும் அக்டோபரும் உள்நாட்டிலிருந்து உலர்காற்று வீசும் காலம், தீக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

தீ போன பிறகும் இரண்டு விஷயம் மிச்சமிருக்கும். செம்மரத்தின் வேருக்குள் புகுந்த கங்கு மழைக்காலத்தையும் தாண்டும். 2020 ஆகஸ்ட்டில் பற்றிய அந்த மலையில் 2021 ஜனவரியில் காற்று வீசியபோது திரும்பவும் புகைந்தது, நம் காம்புட் தீ போலவே. இரண்டாவது, எரிந்த மலையில் மழை. வேர்ப்பிடிப்பு போய், மண்ணின் மேல்தோல் தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கிவிடும். தெற்கே மாண்டசீட்டோவில் 2017 டிசம்பரில் மலை எரிந்தது. 2018 ஜனவரி 9 விடியற்காலை சில நிமிடம் கொட்டிய மழையில் சேறும் பாறையும் இறங்கி 23 பேரைக் கொண்டுபோனது. அதனால் வீடு காட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மேலே இருக்கும் சரிவு எரிந்தால் ஓடை எந்தப் பக்கம் இறங்கும், அந்த வழியில் வீடு இருக்கிறதா என்பதையும் நேரில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.